போலீஸ் பிடித்த சட்டைகள்: ஜப்பானின் கென்சுகே இஷிசு கதை



போன ஞாயிற்றுக்கிழமை என் பேரன் கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்தான். கணுக்காலுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்ட ஒரு பேண்ட், இஸ்திரிப் பெட்டியையே பார்த்திராத சட்டை, காலில் சாக்ஸ் இல்லாமல் ஷூ. "என்னடா, வாய்க்காலில் இறங்கப் போறியா?" என்றேன். "தாத்தா, இதுதான் இப்ப ஸ்டைல்" என்றான். "இப்ப இல்லடா, 1964. இதே மாதிரி பேண்ட் போட்டதுக்காகப் பையன்களைப் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கு, தெரியுமா?" என்று கேட்டேன். அவன் நம்பவில்லை. அன்று சாயங்காலம் அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள் இதற்கும் உட்காருவீர்கள் என்ற தைரியம்.

கதாநாயகர் பெயர் கென்சுகே இஷிசு. ஜப்பானின் மேற்குப் பகுதியில் இருக்கும் ஒகயாமாவில் 1911ஆம் ஆண்டு பிறந்தார். அப்பா காகித மொத்த வியாபாரி, வசதியான குடும்பம். இரண்டாவது பிள்ளை. சின்ன வயதிலேயே உடுப்புப் பைத்தியம். தங்க நிறப் பித்தான் வைத்த சீருடை வேண்டும் என்பதற்காகவே, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளியை விட்டுவிட்டுத் தூரத்துப் பள்ளிக்கு மாற்றச் சொல்லி அடம்பிடித்த பையன். மேல்வகுப்புக்குப் போனதும் தையல்காரரிடம் போய், பள்ளி விதிக்கு உட்பட்டே தன் சீருடையில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்துகொள்வாராம். எந்த வாத்தியாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியும். இப்படிப்பட்ட பையன்களை நான் 34 வருடம் பார்த்திருக்கிறேன். வகுப்புக்கு ஒருத்தன் இருப்பான்.

ஜப்பான் பள்ளிச் சீருடையைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். மெய்ஜி காலத்தில், ஐரோப்பியப் பட்டாள உடுப்பைப் பார்த்து எடுத்துக்கொண்ட கறுப்பு உடை அது. கழுத்தைப் பிடிக்கும் நேரான காலர், நெஞ்சில் வரிசையாகப் பித்தான்கள். ககுரான் என்று பெயர். உயர்நிலைப் பள்ளியில் மட்டுமல்ல, பல்கலைக்கழகத்திலும் அதையேதான் போட்டார்கள். படிப்பு முடிந்ததும் அலுவலக சூட். அதாவது ஒரு ஜப்பானிய ஆண் கறுப்புச் சீருடையிலிருந்து நேராகச் சாம்பல் சூட்டுக்குள் நுழைவான். இரண்டுக்கும் நடுவில் "இளைஞன் உடுப்பு" என்று ஒன்று கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இஷிசுவின் வாழ்க்கை முழுக்க இந்த இடைவெளிக்குள்தான் நடந்தது.

1929இல் டோக்கியோவுக்கு வந்து மெய்ஜி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது ஜாஸ் இசையும் காபிக் கடைகளுமான காலம். மேற்கத்திய உடையில் கின்சா தெருவில் உலாவும் இளைஞர்களை "மாடர்ன் பாய்" என்பதைச் சுருக்கி மோபோ என்று கிண்டலாகக் கூப்பிடுவார்கள். நம்ம ஆளும் அதில் ஒருவர். மோட்டார் சைக்கிள், நடனம், விலையான கம்பளி சூட் என்று போயிற்று படிப்பு. பிறகு கல்யாணம் ஆகி, ஊருக்குத் திரும்பி, அப்பாவின் காகிதக் கடையில் உட்கார்ந்தார்.

ஆனால் 1930களில் நாடே பட்டாளமாக மாறிக்கொண்டிருந்தது. சீனாவோடு போர். காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்து வியாபாரம் படுத்தது. 1939இல் இஷிசு குடும்பத்தோடு சீனாவின் தியான்ஜின் துறைமுகத்துக்குப் போய், அங்கே ஜப்பானியர் நடத்திய ஒரு துணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தியான்ஜினில் பிரிட்டிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் எல்லோருக்கும் தனித்தனிக் குடியிருப்புப் பகுதிகள் இருந்தன. உலகத்துத் தையல் முழுவதையும் அவர் படித்தது அங்கேதான். அதே நேரம் சொந்த நாட்டிலே "ஆடம்பரமே எதிரி" என்று சுவரொட்டி ஒட்டினார்கள். 1940இல் ஆண்களுக்கு "தேசிய உடை" என்று காக்கி நிறத்தில் ஒன்றை அரசாங்கமே வகுத்தது. 1942இல் துணிக்கும் ரேஷன் வந்தது. (ஆடம்பரத்தை எதிரி என்று சொன்ன அரசாங்கம் போர்க்கப்பல் கட்ட எவ்வளவு செலவு செய்தது என்பது வேறு பாடம். அதைப் பத்தாம் வகுப்பில் நடத்திவிட்டேன்.)

1945இல் ஜப்பான் தோற்றது. தியான்ஜினில் இருந்த ஜப்பானியர்கள் ஒரே நாளில் எஜமானர்கள் இல்லாமல் போனார்கள். அங்கே வந்த அமெரிக்கப் படையில் ஒரு இளம் அதிகாரி. இஷிசுவுக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதால் பழக்கமாயிற்று. அந்த அதிகாரி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்று எட்டுப் பழைய கல்வி நிலையங்கள் இருப்பதையும், அங்கே படிக்கிற பையன்கள் எப்படி உடுத்துவார்கள் என்பதையும் அவர் சொல்லித்தான் இஷிசு முதலில் கேட்டார். "ஐவி லீக்" என்ற சொல் அவர் காதில் விழுந்தது இப்படித்தான். தோற்றவருக்கு ஜெயித்தவர் சொன்ன கதை. இது வரலாற்றில் புதிதல்ல. நம் தாத்தாக்கள் கோட்டும் கழுத்துப்பட்டையும் யாரிடம் கற்றார்கள்?

1946இல் கையில் ஒன்றும் இல்லாமல் ஊர் திரும்பினார். நகரங்கள் எரிந்து கிடந்தன. மக்கள் வீட்டிலிருந்த கிமோனோ, கோட்டு, சால்வை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கிராமத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து அரிசியும் கிழங்கும் வாங்கினார்கள். இதற்கு ஜப்பானியர் "மூங்கில் குருத்து வாழ்க்கை" என்று பெயர் வைத்தார்கள். மூங்கில் குருத்தை ஒவ்வொரு மடலாக உரிப்பதுபோல் உடம்பிலிருந்த துணியை உரித்துச் சாப்பிட்ட காலம். எனக்கு இந்தச் சொல்லை முதலில் படித்தபோது தொண்டை அடைத்தது. உடுப்பு என்றால் வெறும் பகட்டு என்று நினைக்கிறவர்கள், உடுப்பை விற்றுச் சோறு தின்றவர்களிடம் கேட்க வேண்டும்.

இஷிசு ஒசாகாவில் ரெனவுன் என்ற உடுப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தார். பிறகு 1951இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அதற்குத்தான் "வான்" என்ற பெயர் வந்தது. நம்ம வானம் இல்லை. ஆங்கிலத்தில் மூன்று பெரிய எழுத்து, அவ்வளவுதான். அந்த மூன்று எழுத்துக்காகப் பின்னாளில் பையன்கள் உயிரை விட்டார்கள்.

முதல் சில ஆண்டுகள் சுலபமாக இல்லை. ஏன் என்றால், அன்றைய ஜப்பானில் மரியாதைப்பட்ட ஆண் ரெடிமேட் வாங்க மாட்டான். அளவெடுத்துத் தைப்பதுதான் கௌரவம். கடையில் மாட்டியிருப்பதை "த்சுருஷி" என்பார்கள். "தொங்குவது" என்று அர்த்தம். கேவலமாகச் சொல்கிற சொல். நம் ஊரிலும் தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்பே துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்து, கடைசி நாள் இரவு பதினோரு மணிக்குக் கடைவாசலில் நின்றவர்கள்தானே நாமெல்லாம். ரெடிமேட் சட்டை போட்டால் "யார் கொடுத்தது?" என்று கேட்பார்கள். அதே மனசுதான் அங்கேயும். அதற்கு மேல் இன்னொரு தடை: உடுப்பைப் பற்றி அக்கறைப்படுவது பெண்கள் வேலை, ஆண்பிள்ளைக்கு அழகல்ல என்ற எண்ணம்.

இஷிசு இதை எப்படிச் சமாளித்தார் என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அவர் வாத்தியார் ஆனார். 1954இல் ஆண்களின் உடைக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கியபோது அதில் எழுதத் தொடங்கினார். பின்னால் "மென்ஸ் கிளப்" என்று புகழ்பெற்றது அந்தப் பத்திரிகைதான். எழுதியதோடு நிற்கவில்லை. அச்சாகிற பிரதிகளில் பெரும்பகுதியைத் தானே வாங்கித் தன் சரக்கு எடுக்கும் கடைக்காரர்களுக்கு விற்றார். சரக்கும் தன்னுடையது, அதைப் புரிந்துகொள்ளும் பாடப்புத்தகமும் தன்னுடையது. வியாபாரத் தந்திரம் என்று சொல்லலாம். நான் சொல்வேன்தான். ஆனாலும் பாடத்திட்டம் இல்லாமல் பரீட்சை வைக்க முடியாது என்று புரிந்துகொண்ட ஒரே வியாபாரி அவர்தான் என்றும் தோன்றுகிறது.

1959இல் அமெரிக்கா போனார். பிரின்ஸ்டனில் இறங்கிப் பார்த்தார். பணக்காரப் பிள்ளைகள். ஆனால் பளபளப்பு இல்லை. காலர் நுனியில் பித்தான் வைத்த பருத்திச் சட்டை, தோள் திணிப்பு இல்லாத தளர்ந்த கோட்டு, சாயம் மங்கிய பருத்தி பேண்ட், தேய்ந்த ஷூ. பழசாக ஆக அழகு கூடுகிற உடுப்பு. தன் தலைமுறை ஆண்களை மாற்ற முடியாது, அவர்கள் சாம்பல் சூட்டிலேயே சாகட்டும், மகன்களைப் பிடிப்போம் என்று முடிவு செய்துகொண்டு திரும்பினார்.

காலமும் கூடி வந்தது. போர் முடிந்து 1947 முதல் 1949 வரை பிறந்த பெரும் கூட்டம் பதின்வயதை எட்டிக்கொண்டிருந்தது. 1960இல் இகேடா பிரதமராகி, பத்தே ஆண்டில் நாட்டின் வருமானத்தை இரட்டிப்பாக்குவோம் என்று திட்டம் போட்டார். வீடுகளில் டிவி, பிரிட்ஜ், சலவை இயந்திரம் வந்தன. பையன்கள் கையில் கொஞ்சம் காசு. ஆனால் அவர்களுக்கென்று உடை? அதே ககுரான்.

1961இல் வான் நிறுவனத்தில் தோஷியுகி குரோசு என்ற இளைஞர் சேர்ந்தார். கெய்யோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். தோழர்களோடு சேர்ந்து ஐவி உடைக்கென்று ஒரு சங்கமே வைத்திருந்தவர். அமெரிக்கா பக்கமே போகாமல், பத்திரிகைப் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காத குறையாகப் பார்த்து, தையல்காரரிடம் விளக்கித் தைத்துக்கொண்ட கூட்டம். இஷிசு தலைமையாசிரியர் என்றால் குரோசு கண்டிப்பான வகுப்பாசிரியர். கோட்டில் எத்தனை பித்தான், அதில் எதைப் போட வேண்டும், எதைப் போடக்கூடாது, டை எத்தனை சென்டிமீட்டர் அகலம், பேண்ட் எங்கே நிற்க வேண்டும், எல்லாவற்றுக்கும் விதி. "மென்ஸ் கிளப்" பத்திரிகையில் தெருவில் போகிற பையன்களைப் படம் எடுத்துப் போட்டு, இவன் உடுத்தியது சரி, இவன் உடுத்தியது தப்பு என்று குரோசு குறிப்பு எழுதுவார். மார்க் போடாத குறை.

அமெரிக்காவில் அந்த உடைக்கு விதி கிடையாது. அப்பா போட்டார், அண்ணன் போட்டான், நானும் போடுகிறேன், அவ்வளவுதான். ஜப்பானில் அப்பாவும் போடவில்லை, அண்ணனும் போடவில்லை. அதனால்தான் எழுதி வைக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீருடையிலிருந்து தப்பிக்கப் போன பையன்கள், சீருடையைவிட அதிக விதியுள்ள ஒன்றுக்குள் ஆசையோடு புகுந்தார்கள். என் வகுப்பில் இருந்த கலகக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கிருதா வைத்திருந்தது நினைவுக்கு வருகிறது.

இஷிசு சொல்லிக்கொடுத்த இன்னொரு பாடம், எந்த நேரம், எந்த இடம், எந்தச் சந்தர்ப்பம் என்று பார்த்து உடுத்த வேண்டும் என்பது. அந்த மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து "டி.பி.ஓ." என்று உருவாக்கினார். இன்றைக்கும் ஜப்பானில் அலுவலகம் முதல் கல்யாண வீடு வரை அந்தச் சொல் புழங்குகிறது. ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள், ஆங்கிலேயருக்குப் புரியாது. அதேபோல் நாம் ஸ்வெட்ஷர்ட் என்பதை அவர்கள் "ட்ரெய்னர்" என்பதும் இவர் வைத்த பெயர்தான்.

நமக்கும் இந்த உடுப்புக்கும் ஒரு நூல் தொடர்பு உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த அமெரிக்கக் கல்லூரிப் பையன்களின் கோடைக்காலச் சட்டை, அரைக்கால் பேண்ட், கோட்டு இவற்றில் முக்கியமான துணிக்குப் பெயரே "மெட்ராஸ்". சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களின் கைத்தறியில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி. 1950களின் கடைசியில் அது அமெரிக்காவில் துவைத்ததும் சாயம் போயிற்று. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாயம் கட்டாயம் போகும், ஒவ்வொரு துவைப்பிலும் புது நிறம் கிடைக்கும் என்று அதையே பெருமையாக்கி விற்றுவிட்டார்கள்! நம் வீட்டில் லுங்கி சாயம் போனால் அடுத்த நாளே கடைக்காரர் மேல் பாய்வோம். அதே கட்டம், அதே சாயம், பணக்காரக் கல்லூரியின் அடையாளம். நெய்தவருக்கு இது தெரிந்திருக்குமா என்று அடிக்கடி யோசிப்பேன்.

இப்போது 1964.

அந்த ஆண்டு ஏப்ரலில் "ஹெய்பொன் பஞ்ச்" என்ற இளைஞர் வார இதழ் வெளிவந்தது. அயுமி ஓஹாஷி என்ற இளம் பெண் ஓவியர் வரைந்த அட்டைப்படத்தில் ஐவி உடுப்புப் பையன்கள். நாடு முழுவதும் பற்றிக்கொண்டது. கோடை வந்ததும், டோக்கியோவின் கின்சா பகுதியில் மியுகி தெரு என்ற ஒரு தெருவில் பையன்களும் பெண்களும் கூட்டம் கூட்டமாக வந்து நிற்க ஆரம்பித்தார்கள். கின்சா என்றால் நம் பழைய மவுண்ட் ரோடு, பாண்டி பஜார் எல்லாம் சேர்ந்த மாதிரி, அதைவிடப் பெரிய இடம். பையன்கள் கணுக்காலுக்கு மேல் நிற்கிற ஒல்லி பேண்ட் போட்டிருந்தார்கள். பெண்கள் நீளப் பாவாடை. அக்குளில் ஒரு பெரிய காகிதப் பை, அதில் வான் என்ற எழுத்து. சட்டை வாங்கக் காசில்லாதவனும் பையை எப்படியாவது சம்பாதித்துவிடுவான். அவர்களுக்கு "மியுகி கூட்டம்" என்று பெயர் வந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றுமே செய்யவில்லை. நின்றார்கள், நடந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பலர் வீட்டிலிருந்து சீருடையில் கிளம்பி, காபிக் கடைக் கழிப்பறையில் உடை மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஆனால் கின்சா கடைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. பெரிய மனிதர்கள் வருகிற தெரு. அதோடு அக்டோபர் 10ஆம் தேதி ஒலிம்பிக் தொடக்க விழா. போர் முடிந்து 19 ஆண்டுகளில் எழுந்து நின்றோம் என்று ஜப்பான் உலகத்துக்குக் காட்டப்போகிற நாள். அந்த நேரத்தில் இஸ்திரி போடாத சட்டையோடு தெருவில் நிற்கிற பிள்ளைகளை வெளிநாட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

போலீசார் இஷிசுவையே அணுகினார்கள். உங்கள் பிள்ளைகள்தானே, நீங்களே புத்தி சொல்லுங்கள் என்று. கின்சாவில் ஒரு அரங்கத்தில் கூட்டம் போட்டார்கள். சுமார் 2,000 பேர் வந்தார்கள். வீட்டுக்குப் போங்கள், தெருவில் நிற்காதீர்கள் என்று அவரும் சொன்னார். ஆனால் வந்தவர்களுக்கு வான் பையும் கொடுத்து அனுப்பினார்களாம்! பிறகு கூட்டம் குறையுமா?

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு மஃப்டி போலீஸ் மியுகி தெருவுக்குள் புகுந்தது. காலர் நுனியில் பித்தான் வைத்த சட்டையா, குட்டை பேண்டா, நில். சுமார் 200 பேரைத் தடுத்து, 80க்கும் மேற்பட்டோரைப் பக்கத்து ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். சில வாரத்தில் தெரு காலி. ஒலிம்பிக் நன்றாக நடந்தது. தொடக்க விழாவில் ஜப்பான் வீரர்கள் சிவப்புக் கோட்டும் வெள்ளைப் பேண்டும் போட்டு அணிவகுத்து வந்தார்கள். இளைஞர்கள் போட்டால் குற்றமான அதே அமெரிக்கப் பாணி பிளேசர் கோட்டு, தேசத்தின் உடையாக மைதானத்தில் வந்தது. அதை வடிவமைத்தவர் இஷிசு என்று பல ஆண்டு சொல்லிவந்தார்கள். பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அது டோக்கியோ தையல்காரர் ஒருவர் செய்தது என்று காட்டியிருக்கிறார்கள். பெரிய பெயர் உள்ளவர் மேல் எல்லாப் புகழும் போய் ஒட்டிக்கொள்வது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். தையல்காரருக்குச் சேர வேண்டியதை அவருக்கே சேர்ப்போம்.

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் ஜப்பான் போலீசைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெல்பாட்டம் காலம். காலைப் பிரேயரில் பையன்களின் பேண்ட் அடி அகலத்தை ஸ்கேலால் அளக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். இளவயசு, கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் எடுக்கிற வெறி. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பேண்ட் அளவு மீறி இருந்தது. எல்லோர் முன்னாலும் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி இரண்டு காலிலும் முழங்கால் வரை வெட்டிவிட்டேன். பையன்கள் சிரித்தார்கள். அவன் அழவில்லை. குனிந்து, அறுந்த துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகுதான் தெரிந்தது, பம்பாயில் மில் வேலைக்குப் போன அவன் அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது அது. நாலு நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது பழைய அரைக்கால் சட்டை. அதன் பிறகு என் வகுப்பில் ஒரு கேள்விக்கும் அவன் வாய் திறந்ததில்லை. பெயர் சொல்ல மாட்டேன். அவன் இதைப் படிக்கிறான் என்று எனக்குத் தெரியும். தம்பி, அன்று நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பு என்னுடையது.

சரி, கதைக்கு வருகிறேன்.

போலீஸ் நடவடிக்கையால் ஐவி உடை ரவுடிகள் உடை என்ற பெயர் வந்துவிட்டது. அப்படியில்லை, அமெரிக்காவின் சிறந்த மாணவர்கள் போடுவது இது என்று நாட்டுக்குக் காட்ட வேண்டும். அதற்காக 1965இல் வான் செலவில் ஒரு படக்குழு அமெரிக்கா போயிற்று. குரோசு போனார், இஷிசுவின் மகன் ஷோசுகே போனார், படம் எடுக்க தெருயோஷி ஹயாஷிதா போனார். அங்கே இறங்கினால் அதிர்ச்சி. கோட்டும் டையுமாகப் பையன்கள் வரிசையாக வருவார்கள் என்று எதிர்பார்த்தால், வெட்டிய அரைக்கால் பேண்ட், ரப்பர் செருப்பு, கசங்கிய சட்டை! விதியெல்லாம் எங்கே என்று குரோசுவுக்குத் தலை சுற்றியிருக்கும். வந்ததை எடுத்தார்கள். ஒரு திரைப்படமும் "டேக் ஐவி" என்ற படப் புத்தகமும் ஆயிற்று. சாப்பாட்டுக் கூடத்தில், சைக்கிளில், படகுத் துறையில், புல்வெளியில் இருந்த மாணவர்கள் அப்படியே அதில் இருக்கிறார்கள்.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வான் ஏறுமுகம்தான். பெற்றோர்களும் பழகிவிட்டார்கள். அறுபதுகளில் தெருவிலிருந்து விரட்டப்பட்ட உடுப்பு எழுபதுகளில் நடுத்தர வீட்டுப் பிள்ளையின் சாதாரண உடுப்பு. அதுதான் பிரச்சினையும் ஆயிற்று. மளிகைக் கடைக்காரர் மகனும் போடுகிற உடையில் கலகம் ஏது? 1968-69 மாணவர் போராட்டத்தில் வளாகங்கள் கொதித்தன. பையன்கள் முடி வளர்த்தார்கள், ஜீன்ஸுக்கு மாறினார்கள். இதில் ஒரு கூத்து, ஜப்பானின் ஜீன்ஸ் பிறந்த இடம் கொஜிமா. இஷிசுவின் சொந்த ஒகயாமா மாவட்டம்தான் அது. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்த ஊர். சீருடைத் தொழில் நெருக்கடியில் சிக்கியபோது, மருவோ என்ற நிறுவனம் 1965இல் ஜீன்ஸ் தைக்கத் தொடங்கிற்று. பின்னாளில் பிக் ஜான் என்று பெயர் எடுத்தது. ககுரான் தைத்த கைகளே ஜீன்ஸ் தைத்து வானைக் கவிழ்த்தன.

இஷிசு கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை. நிறுவனம் பெரிதானதும் பெரிய வர்த்தக நிறுவனத்து ஆட்கள் நிர்வாகத்துக்குள் வந்தார்கள். இன்னும் விற்க வேண்டும், இன்னும் தைக்க வேண்டும் என்றார்கள். புதுப்புதுப் பெயரில் சரக்கு இறக்கினார்கள். கிடங்கு நிரம்பிற்று, தள்ளுபடி விலையில் கொட்டினார்கள். ஒரு காலத்தில் காகிதப் பைக்குக்கூட மதிப்பு இருந்த பெயருக்குச் சட்டைக்கே மதிப்பில்லாமல் போயிற்று. 1978இல் வான் திவாலானது. கடன் சுமார் 5,000 கோடி யென். ஜப்பான் உடுப்புத் தொழிலில் அதற்கு முன் அவ்வளவு பெரிய வீழ்ச்சி இல்லை என்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 66.

அவர் வடிவமைப்பாளரா, வெறும் நகலெடுப்பவரா என்று பேரன் கேட்டான். நியாயமான கேள்வி. புதிதாக ஒரு காலரோ ஒரு கையோ அவர் கண்டுபிடித்ததாக யாரும் சொல்லவில்லை. எடுத்தது எல்லாம் அமெரிக்காவிலிருந்து. என் கருத்து, அவர் வடிவமைத்தது உடுப்பை அல்ல, உடுப்பவனை. சீருடைக்கும் சூட்டுக்கும் நடுவில் பத்து வருடம் ஒருவனுக்குச் சொந்தமாக இருக்கலாம் என்று சொல்லி, அந்தப் பத்து வருடத்துக்கு ஒரு பெட்டி நிறையத் துணி கொடுத்தார். அதில் அவர் பணம் பார்த்தார் என்பதும் உண்மை. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: அவர் பாடமெல்லாம் பையன்களுக்குத்தான். மியுகி தெருவில் அவர்களோடு நின்ற பெண் பிள்ளைகள் தாங்களாகவே ஏதோ தைத்துப் போட்டுக்கொண்டார்கள்.

திவாலுக்குப் பிறகும் 27 ஆண்டுகள் இருந்தார். எழுதினார், பேசினார். வானில் வேலை பார்த்தவர்கள் ஜப்பானின் மற்ற உடுப்பு நிறுவனங்களுக்கெல்லாம் பரவினார்கள். பழைய ஊழியர்கள் சேர்ந்து வான் பெயரைத் திரும்பவும் உயிர்ப்பித்தார்கள். யமகுச்சி மாவட்டத்தில் உபே என்ற சின்ன ஊரில் வான் சரக்கு விற்ற ஒரு ஆண்கள் துணிக்கடை இருந்தது. அந்தக் கடைக்காரரின் மகன் தடாஷி யனாய். அவர் 1984இல் ஹிரோஷிமாவில் திறந்த கடைதான் யூனிக்லோ. வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகள் பாதிப்பேர் இன்று போட்டிருப்பது அந்தக் கடைச் சட்டைதான்.

இஷிசு 2005 மே மாதம் காலமானார். வயது 93. ஐந்து ஆண்டு கழித்து, 2010இல், "டேக் ஐவி" புத்தகம் ஆங்கிலத்தில் அமெரிக்காவில் வெளிவந்தது. தங்கள் தாத்தாக்கள் எப்படி உடுத்தினார்கள் என்று அமெரிக்கப் பையன்கள் அந்த ஜப்பானியப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் படங்களில் சில இணையத்தில் கிடைக்கும். பேரன் போனில் தேடிக் காட்டினான். ஒரு படத்தில் ஒரு பையன், கணுக்காலுக்கு மேல் பேண்ட், காலில் சாக்ஸ் இல்லை. "தாத்தா, என்னை மாதிரியே இருக்கான்" என்றான்.

உங்களில் யாரிடமாவது பழைய பெல்பாட்டம் போட்டோ இருந்தால் கீழே போடுங்கள். 1979 செட் பையன்கள் சுற்றுலா போனபோது எடுத்த குரூப் போட்டோ ஒன்று இருந்தது, என்னிடம் இருந்த பிரதி மழையில் போய்விட்டது. யாராவது வைத்திருப்பீர்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்